கணக்கேடு கேட்ட நண்பர்கள்

கட்பரி என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தே நம் வீட்டுப் பிள்ளைகளின் நாவில் நீர் ஊறும். பாக்லேஸ், லொயிட்ஸ் என்றால் இலண்டனில் மகனோ மருமகனோ உள்ள பெற்றோருக்கு வங்கி நினைவு வரும். ரௌன்றி, ஃபிறை என்பனவும் ஒருகாலத்திற் கொக்கோவுக்கும் சொக்கலேற்றுக்கும் பேர்போனவை. ஹன்ட்லி அன்ட் பாமர்ஸ் பிஸ்கோத்து, கிளார்க்ஸ் பாதணி என்று இப்பட்டியலை இன்னும் நீட்டலாம். வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு குடும்பத்தார் தொடங்கிய இந்நிறுவனங்கள் அனைத்துக்கும் பொதுவான செய்தி ஒன்றுண்டு. இவற்றைத் தொடங்கியோர், அல்லது தொடங்கியோருள் முதன்மையாயிருந்தோர், இங்கிலாந்தின் சிறியதொரு கிறித்தவச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் தம்மை 'நண்பர்கள்' என்று அழைத்துக்கொண்டனர். உலகம் அவர்களைக் குவேக்கர் என்றது.

17ஆம் நூற்றாண்டில் யோர்ஜ் பொக்ஸ் என்பவரின் போதனையால் எழுந்த சங்கம் இது. இவர்களுக்குக் குருமார் இல்லை. பாட்டும் சடங்கும் இல்லாத வெறுங்கூடத்தில் மௌனமாக அமர்ந்திருப்பதே வழிபாடு. உள்ளத்தில் ஏவப்பட்டவர் எழுந்து இரண்டு வார்த்தை பேசலாம். நீதிமன்றத்திலும் சத்தியம் செய்யமாட்டார்கள். நாளாந்தம் உண்மை பேசுகிறவனுக்குத் தனியாக ஒரு சத்தியம் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. சத்தியப்பிரமாணம் செய்யாதவர்க்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகங்களின் கதவும் இத்தகையோருக்கு 1871 வரையில் முழுமையாகத் திறக்கப்படவில்லை. உத்தியோகத்தை நோக்கியே பிள்ளைகளை வளர்த்துப் பழகிய எம்மவருக்கு இது பெருந் தண்டனையாகத் தோன்றும். குவேக்கர்களோ கடை வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரித்தானியாவில் அவர்கள் தொகை 20,000ஐ எட்டவில்லை. அச்சிறு தொகையினரிடமிருந்து இத்தனை நிறுவனங்கள் தோன்றிய காரணம் யாது?

நேர்மை என்பார் பலர். பேரம் பேசுதலே வழக்கமாயிருந்த காலத்தில் எல்லோர்க்கும் ஒரே விலை கூறி விற்றவர்கள் அவர்கள். சிறு பிள்ளையைக் கடைக்கு அனுப்பினாலும் ஏமாற்றமாட்டார்கள் என்ற பெயர் அவர்களுக்கு இருந்தது. இவ்விடை உண்மையே, ஆனால் முழு உண்மையன்று. நேர்மையான வணிகர் எத்தனையோ பேர் கடன்பட்டுக் கடையை மூடியதை நாம் நம் ஊர்களிலேயே கண்டிருக்கின்றோம். நேர்மையாளனுக்கும் ஆசை உண்டு, அவசரம் உண்டு, தன் கணக்கைத் தானே நேர்நின்று பார்க்க அஞ்சும் இரவுகளும் உண்டு. குவேக்கர் வணிகனிடம் பிறரிடம் இல்லாத ஒன்று இருந்தது. அவனைச் சுற்றி, அவனுடைய கணக்கேட்டைக் கேட்கும் உரிமை பெற்ற ஒரு கூட்டம் இருந்தது.

அக்கூட்டம் எவ்வாறு இயங்கியது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். ஒரு வட்டாரத்துக் குவேக்கர் மாதம் ஒருமுறை கூடுவர். அது மாதக் கூட்டம். நாடு முழுவதற்குமாக இலண்டனில் ஆண்டுக் கூட்டம் நடைபெறும். அங்கிருந்து அறிவுரைகளும் வினாக்களும் கீழ்க்கூட்டங்களுக்கு அனுப்பப்படும். அறிவுரைகளுட் பல வணிகத்தைப் பற்றியவை என்பது வியப்புக்குரியது. கைமுதலுக்கு மிஞ்சிய வியாபாரத்தில் இறங்கற்க. கடன் வாங்குமுன் அனுபவமுள்ள மூத்தோரைக் கலந்துகொள்க. ஆண்டுக்கு ஒருமுறையேனும் உன் வரவு செலவைச் சீராகப் பார்த்து வை. இவ்வாறான பொருள்பட அவை அமைந்தன. வினாக்களோ இன்னும் நேரானவை. உங்கள் கூட்டத்தினர் கொடுக்கல் வாங்கலில் நீதியாக நடக்கின்றனரா, ஒப்புக்கொண்டதைக் காலத்தில் நிறைவேற்றுகின்றனரா என்று கேட்கப்படும். கூட்டம் அதற்கு விடை எழுதி அனுப்பவேண்டும்.

ஒருவன் தொழிலில் தள்ளாடுகின்றான் என்ற செய்தி எட்டினால், கூட்டம் இருவரையோ மூவரையோ தெரிந்து அவன் வீட்டுக்கு அனுப்பும். வந்தவர்களும் வணிகர்களே, பொய்க்கணக்கு அவர்களிடம் எடுபடாது. ஏட்டை வாங்கிப் பார்ப்பர். இன்னதை விற்றுக் கடனை அடை, இன்ன கிளையை மூடு, வீட்டுச் செலவைக் குறை என்பர். தப்ப வழியுண்டாயின் கைம்மாற்றுக்கும் ஏற்பாடு நடக்கும். இவ்வளவுக்குப் பின்னும் அவன் முறிந்துபோய்ப் பிறர் பணத்தை இழந்தானாயின், அவனைத் தம்மவன் அல்லன் என்று கூட்டம் எழுதி வைக்கும். வழிபாட்டுக்கு அவன் வரலாம். காரியக் கூட்டத்தில் இடமில்லை. நாட்டுச் சட்டம் முறிந்தவனைக் கடனிலிருந்து விடுவித்தாலும், கடன்காரர் அனைவர்க்கும் முழுப்பணத்தையும் கொடுக்கும் கடப்பாடு அவன் மனச்சாட்சியில் நிற்கும் என்பதே சங்கத்தின் கொள்கை.

எலிசபெத் ஃபிறை அம்மையாரைப் பாடநூல்களில் மாணவர் படித்திருக்கலாம். 1813இல் இலண்டன் நியூகேற் சிறைக்குள் முதன்முதல் சென்று பெண் கைதிகளின் நிலையைக் கண்டு, பின்னர் அதனை மாற்றப் பாடுபட்டவர் அவர். 2002இல் வெளியான இங்கிலாந்தின் ஐந்து பவுண் தாளில் அவர் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. 1828இல் அவருடைய கணவர் யோசேப் ஃபிறையின் வங்கி முறிந்தது. மனைவியின் புகழ் ஐரோப்பா எங்கும் பரவியிருந்தது. எனினும் கூட்டம் கணவரை நீக்கியது. குடும்பம் தன் பெரிய வீட்டை விட்டு வெளியேறியது. அம்மையாரின் உடன்பிறந்தாராகிய கேர்னி குடும்பத்தார் கைகொடுத்தமையாற் பிழைத்தது. சிறைக் கைதிகளுக்காக இரங்கிய மாதரசியின் வீட்டுக்கு இத்தனை கடுமையா என்று எண்ணத் தோன்றும். எனக்கும் அது மிகையென்றே படுகின்றது. ஆயினும் அக்கடுமையின் மறுபக்கம் ஒன்றுண்டு. குவேக்கர் ஒருவனுக்குக் கடன் கொடுப்பவன் அவ்வொருவனை மாத்திரம் நம்பவில்லை. அவனை விழித்திருந்து நோக்கும் கூட்டத்தையும் சேர்த்தே நம்பினான்.

கூட்டத்தின் மேன்மை முறிந்தபின் நீக்குவதிலன்று, முறியுமுன் போய்ப் பார்ப்பதில் இருந்தது. இதற்குக் கிளார்க் குடும்பத்தின் கதை சான்று. சமர்செற் மாகாணத்தில் ஸ்றீற் என்னும் கிராமத்தில் 1825இல் சைறஸ் கிளார்க் ஆட்டுத்தோல் வியாபாரம் தொடங்கினார். தம்பி யேம்ஸ், வெட்டி மிஞ்சிய தோலில் வீட்டுச் செருப்புத் தைத்து விற்றார். செருப்பே பிற்காலத்தில் தொழிலாயிற்று. 1863இல் நிறுவனம் முறியும் நிலைக்கு வந்தது. குவேக்கர் உறவினரும் நண்பரும் பணம் கொடுக்க முன்வந்தனர். ஆனால் நிபந்தனை ஒன்று விதித்தனர்: அண்ணனும் தம்பியும் நிருவாகத்தை விட்டு விலகவேண்டும், யேம்சின் மகன் வில்லியம் பொறுப்பேற்கவேண்டும். வில்லியத்துக்கு அப்போது வயது 24 அளவே. நிறுவியவர்களை ஒதுங்கச் சொல்லுவதும், இளையவன் கையிற் பணத்தை நம்பிக் கொடுப்பதும் எளிய காரியங்களா? அந்நியன் ஒருவன் அவ்வாறு சொன்னால் அது கொள்ளை. முகத்துக்காகச் சும்மா பணம் கொடுத்திருந்தால் அது அடுத்த முறிவுக்கு முன்பணம். அவர்கள் இரண்டும் செய்யவில்லை. வில்லியம் தையல் இயந்திரங்களைப் புகுத்தி நிறுவனத்தை நிமிர்த்தினார்.

கூட்டத்தின் பிடி தளர்ந்த இடத்தில் நிகழ்ந்ததையும் கூறவேண்டும். மேலே சொன்ன கேர்னி குடும்பத்தாரின் ஓவரெண்ட் கேர்னி நிறுவனம் இலண்டனில் உண்டியல்களைக் கழிவுக்கு வாங்கும் நிறுவனங்களுட் தலையானது. வங்கிகளுக்கே வங்கி எனப் பெற்றது. அதனை வளர்த்த சாமுவேல் கேர்னி 1856இல் மறைந்தார். பின்வந்தோர் செல்வத்தில் வளர்ந்தவர்கள். பழைய தொழிலை விட்டு, கப்பற் கட்டடத்திலும் புகையிரதப் பாதையிலும் பணத்தை நெடுங்காலத்துக்கு முடக்கினர்; மக்கள் கேட்டவுடன் திருப்பிக்கொடுக்கவேண்டிய பணம் அது. 1865இல் நிறுவனத்தை வரையறுத்த பொறுப்புக் கம்பனியாக்கிப் பங்குகளை ஊராருக்கு விற்றனர். 1866ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் கதவு சாத்தப்பட்டது. கடன்சுமை ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் பவுண். மறுநாள் இலண்டன் வங்கித் தெருவில் மக்கள் முண்டியடித்தனர். பணிப்பாளர்கள் 1869இல் நீதிமன்றில் நிறுத்தப்பட்டு விடுதலையாயினர். குவேக்கர் என்னும் பேர் ஊட்டிய நம்பிக்கை அப்போதும் இருந்தது. ஏட்டைக் கேட்டு வீட்டுக்கு வரும் நண்பர்கள்தாம் இல்லை.

இவ்வளவில் நிறுத்தினால் கதை இனிதாகவே முடிந்துவிடும். நல்ல கூட்டம் இருந்தால் வணிகன் தப்புவான், இல்லையேற் கெடுவான் என்று மாணவர் கட்டுரையில் எழுதிவிடலாம். ஆயின் கட்பரி குடும்பத்தாரின் வரலாறு அவ்வளவு எளிதாக நம்மை விடுவதில்லை.

பேர்மிங்காம் நகரின் புல் தெருவில் 1824இல் யோன் கட்பரி தேயிலையும் கோப்பியும் கொக்கோவும் விற்கும் கடையைத் திறந்தார். மதுவுக்கு மாற்றான பானங்களை விற்பதை அவர் ஒரு தொண்டாகவே கருதினார். 1861இல் நலிந்திருந்த தொழிலை மைந்தர்கள் றிச்சட்டும் யோர்ஜும் ஏற்றனர். இளமையில் யோர்ஜ் தொழில் பழகியது யோர்க் நகரில் ரௌன்றி குடும்பத்தாரின் பலசரக்குக் கடையில். பிற்காலத்தில் சந்தையிற் போட்டியிடப்போகும் வீட்டுப் பிள்ளைக்குத் தொழில் கற்பித்தனர் என்பது நம் வணிகர் சற்று நின்று எண்ணத்தக்கது. சகோதரர் தாய்வழி வந்த முதுசப் பணத்தை இட்டு, ஆண்டுக் கணக்காகச் சிக்கனம் பிடித்து, 1879இல் போன்வில் என்ற இடத்தில் புதிய தொழிற்சாலை அமைத்தனர். தோட்டம் சூழ்ந்த வீடுகளைக் கொண்ட போன்வில் கிராமத்தை யோர்ஜ் 1900இல் ஒரு தருமசொத்தாக்கினார். தொழிலாளர் நலத்துக்கு அவ்வூர் உலகெங்கும் எடுத்துக்காட்டாயிற்று.

1901இல் றிச்சட்டின் மகன் வில்லியம் கட்பரிக்கு ஒரு செய்தி எட்டியது. அவர்கள் வாங்கிய கொக்கோவில் ஏறக்குறைய அரைப்பங்கு ஆபிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள சாவோ தோமே, பிரின்சிபே என்னும் போர்த்துக்கேயத் தீவுகளிலிருந்து வந்தது. அத்தீவுகளில் வேலை செய்தவர்கள் அங்கோலாவின் உட்பகுதியிலிருந்து பிடித்தும் வாங்கியும் கொண்டுவரப்பட்டோர். கடதாசியில் அவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகள். நடைமுறையில் ஊர் திரும்பியவர் இல்லை. விற்பனைக்கு வந்த தோட்டமொன்றின் சொத்துப் பட்டியலில் கால்நடைகளைப் போலத் தொழிலாளரும் விலையிடப்பட்டிருந்ததை அவ்வாண்டு வில்லியம் கண்டார்.

கண்டவர் வாளாவிருக்கவில்லை. சங்கத்தாரையும், அடிமைத்தன எதிர்ப்பு இயக்கத்தாரையும், ரௌன்றி, ஃபிறை நிறுவனத்தாரையும் கலந்தார். 1903இல் லிஸ்பனுக்குப் போனார். போர்த்துக்கல் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியிருக்கிறது, பலன் தெரியும்வரை பொறுத்திருக்கவேண்டும் என்ற ஆலோசனை கிடைத்தது, பொறுத்தார். பின்னர் நேரிற் பார்த்துவர யோசேப் பேட் என்ற குவேக்கரைத் தெரிந்தனர். அவர் முதலிற் போர்த்துக்கேய மொழி கற்றார், 1905இல் தீவை அடைந்தார், 1907இல் திரும்பினார். அறிக்கை தெளிவாக இருந்தது. பிரித்தானிய வெளிநாட்டு அமைச்சு இன்னும் சற்று அமைதி காக்கச் சொன்னது, காத்தனர். 1908இல் வில்லியம் தாமே அங்கோலாவுக்கும் தீவுகளுக்கும் சென்றார். 1909 மார்ச்சு மாதத்தில், இனி அக்கொக்கோவை வாங்குவதில்லை என்று மூன்று நிறுவனங்களும் அறிவித்தன. இதற்கிடையில் என்றி நெவின்சன் என்ற பத்திரிகையாளர், இக்கூட்டத்தைச் சேராதவர், தாமே அங்கோலாவுக்குப் போய்க் கண்டதை 1905இலேயே எழுதத் தொடங்கி 1906இல் நூலாக்கிவிட்டார்.

1908 செப்டெம்பரில் இலண்டன் 'ஸ்ரான்டட்' பத்திரிகை கட்பரி குடும்பத்தாரைக் கடிந்து தலையங்கம் தீட்டியது. யோர்ஜ் கட்பரியின் பத்திரிகையோ தென்னாபிரிக்கச் சுரங்கங்களிற் சீனக் கூலிகள் படும் பாட்டைக் கண்டித்து எழுதிவந்தது. ஆதலால் குற்றச்சாட்டின் முனை மிகக் கூரியதாயிற்று. கட்பரியினர் மானநட்ட வழக்குத் தொடுத்தனர். 1909ஆம் ஆண்டு இறுதியிற் பேர்மிங்காமில் வழக்கு நடந்தது. பத்திரிகையின் பக்கம் எட்வேட் காசன் என்ற பெயர்பெற்ற நியாயவாதி. எட்டாண்டுகளில் உங்கள் கொக்கோவுக்காக இறந்த அடிமைகள் எத்தனை பேர் என்று கணக்கிட்டதுண்டா என அவர் வில்லியத்தைக் கேட்டார். அத்தகைய கணக்கு அவரிடம் இல்லை. யூரிமார் கட்பரியினர் பக்கமே தீர்ப்பளித்தனர். நட்டஈடாக அவர்கள் விதித்த தொகை ஒரு பாதிங்; அதாவது காற்பெனி.

வில்லியம் கட்பரியைக் கயவர் என்று கூறுவது நீதியாகாது. செய்தியைக் கேட்டவுடன் விசாரிக்கப் புறப்பட்டவர் அவர். வாங்குவதை உடனே நிறுத்தினால் தம் சொல்லுக்குத் தோட்டக்காரர் மதிப்பளிக்கமாட்டார் என்ற அவர் வாதத்திலும் சிறிது பொருளுண்டு. ஆனால் அவரைச் சூழ்ந்திருந்தோரைப் பாருங்கள். ஒரே சங்கத்தார்; ஒரே கொக்கோவை வாங்குவோர்; ஒருவரையொருவர் நல்லவர் என நெடுங்காலமாக அறிந்தோர். ஒவ்வொருவரும் பொறுமையைப் பரிந்துரைத்தனர். ஒவ்வொருவர் பொறுமையும் மற்றவர் மனச்சாட்சிக்கு உறக்க மருந்தாயிற்று. கடனை உரிய நாளிற் கொடுத்தாயா என்று கேட்க அவர்கள் பாட்டன்மார் காலந்தொட்டே பழகியிருந்தனர். மூட்டையைச் சுமந்தவன் யார் என்று அதே கூர்மையோடு கேட்க அக்கூட்டம் பழகியிருக்கவில்லை. அங்கோலாவிலிருந்து வந்த ஒருவன் போன்வில்லில் அவர்கள் முன் அமர்ந்திருந்தால் எட்டாண்டு சென்றிருக்குமா?

இதைப் படிக்கும் மலையகத்தாருக்கு என் மனத்தில் ஓடுவது விளங்கும். ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிய கடனைத் தீர்க்காமல் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போகமுடியாதபடி நம் தொழிலாளரைக் கட்டிவைத்த துண்டு முறை இந்நாட்டில் 1921 வரையில் இருந்தது. ஞாயிறுதோறும் தேவாலயம் சென்ற தோட்டத்துரைமாரும், வெள்ளிதோறும் கோயிலுக்குப் போன கங்காணிமாரும் அதன்கீழ் வாழ்ந்தார்கள். இரு சாராருக்கும் நல்ல கூட்டாளிகள் இருந்திருப்பார்கள்.

சைவன் ஒருவன் கிறித்தவ வணிகருக்குத் துணை தேடுவானேன் என்று சிலர் நகைக்கலாம். வள்ளுவர் பொருட்பாலில் 'பெரியாரைத் துணைக்கோடல்' என 45ஆம் அதிகாரத்தை அமைத்து, அதனையடுத்தே 'சிற்றினம் சேராமை'யை வைத்தார். கடிந்து சொல்லும் துணையையே அவர் அரசனுக்கு வேண்டினார். கொழும்புச் செட்டியார்தெருவில் நகரத்தார் கோயிலை நடுவாக வைத்து வணிகம் செய்த காலத்தையும் நாம் அறிவோம். ஆக, விடயம் நமக்குப் புதிதன்று, விட்டுப்போனது. இன்று வசதிபடைத்த கிறித்தவ வணிகர் ஒருவர் ஆலயத்துக்கு வந்தால் முன்வாங்கு கிடைக்கும்; கட்டட நிதிப் பட்டியலில் முதற்பெயர் கிடைக்கும். அவருடைய சிப்பந்திகளுக்கு ஊழியர் சேமலாப நிதி ஒழுங்காகக் கட்டப்படுகின்றதா என்று சபையிலே எவரும் கேளார். நம் கோயில் உபயகாரர் நிலையும் இதுவே. மாலை மரியாதைக்குக் குறைவில்லை. கடையிலோ மைத்துனர் காசாளர், மருமகன் களஞ்சியக்காரர். இருவரும் முதலாளியின் முகம் பார்த்துப் பேசுவோர். அவர் தவறான கடனில் இறங்கும்போது வீட்டில் முதலில் உணர்பவள் மனைவி. அவளிடம் ஏட்டைக் காட்டும் வழக்கம் நம்மில் அரிது.

இவ்விடத்துக்கு அத்தகைய கூட்டத்தை எங்ஙனம் அமைப்பது? குவேக்கர் முறையை அப்படியே பெயர்த்து நடுவதை நான் விரும்பேன்; முறிந்தவனை ஒதுக்கும் சமூகம் நமக்கு வேறு வேண்டுமா? ஆயினும் மூன்று நான்கு பேர் போதும். அவர்களுள் ஒருவராவது வணிகருக்கு எவ்வகையிலும் கடமைப்படாதவராயும், ஒருவராவது அவரிடம் கூலிக்கு வேலை செய்பவரின் வாழ்வை அறிந்தவராயும் இருத்தல் வேண்டும். ஆண்டுக்கு இருமுறை ஏட்டை விரித்து வைத்து, அவர்கள் கேட்பதற்கு விடை சொல்லவேண்டும். இதற்குச் செலவு ஒரு தேநீர். ஆனால் சம்மதிக்கும் முதலாளியைக் காண்பதே கடினம். வில்லியம் கிளார்க்கின் தந்தை 1863இல் நாற்காலியை விட்டு எழுந்ததை நினைக்கும்போது, பணம் கொடுத்தோரைவிட அவரையே நான் வியக்கின்றேன்.

வழக்கின் பின் கட்பரி நிறுவனத்தார் கொக்கோவுக்கு இன்றைய கானாவாகிய பொற்கரையை நாடினர். 1919இல் ஃபிறை நிறுவனம் கட்பரியோடு இணைந்தது. ரௌன்றி 1988இல் சுவிற்சர்லாந்தின் நெஸ்லேக்கும், கட்பரி 2010இல் அமெரிக்காவின் கிராஃப்ற் கம்பனிக்கும் கைமாறின. உலகெங்கும் சிதறிய பங்குதாரரின் கதவை எந்த இருவர் போய்த் தட்டுவது? யோன் கட்பரியின் கடை இருந்த புல் தெருவில் இன்று அக்கடை இல்லை. அதே தெருவில் குவேக்கரின் கூட்ட மண்டபம் மட்டும் இருக்கின்றது. நண்பர்கள் இன்றும் அங்கே கூடி மௌனமாக அமர்கின்றனர்.